சிரிப்புக் காற்றில் ஏறிய வண்டி

கொடைக்கானலுக்கு நான் வந்தது ஊர் பார்க்க அல்ல. மன்னவனூரில் உருளைக்கிழங்கு ஏற்றப் போன லாரியில் கிளீனராக வந்தேன். வத்தலக்குண்டைத் தாண்டும்போதே கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. மலை ஏற ஏறத் தாடை வீங்கி, பஜாரில் இறங்கியபோது ஒரு கண் பாதி மூடியிருந்தது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. போயி பல்லைப் பிடுங்கிட்டு இங்கேயே நில்லு. லோடு ஏத்திட்டு வாறப்ப கூட்டிக்கிறேன்."

அந்த லாரி எனக்காக நின்றதா என்று தெரியாது. நான் போய் நின்றபோது இல்லை.

அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கினேன். கம்பத்தில் ஒரு பட்டறையில் இன்ஜின் கழுவக் கற்றுக்கொண்டு, பிறகு பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொண்டேன். சில இடங்களிலிருந்து நானாகக் கிளம்பினேன், மற்ற இடங்களிலிருந்து கிளப்பினார்கள். எங்கே அச்சு முறிந்தாலும், எந்த இன்ஜின் பிடித்துக்கொண்டாலும், கடைசியாக வேலைக்கு வந்தவன் கைதான் காரணம் என்று முடிவாகும். கடைசியாக வந்தவன் பெரும்பாலும் நான்தான். வாதாடிப் பார்த்து ஒரு தடவை அடி வாங்கினேன். அதற்குப் பிறகு வாதாடுவதில்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த லாரியில் ஏறிவிடுவேன்.

பல் டாக்டர் வீடு ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. முன்னறையில் வைத்தியம், பின்னால் குடித்தனம், பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. நான் போன நேரம் கொட்டகையிலிருந்து ஒரு சின்ன வண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சீமை வண்டி. துணிக் கூரை, நீளமான மூக்கு, தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்த வயிறு. தோட்டத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது டாக்டருக்கு விட்டுப் போனது என்று பிறகு தெரிந்தது. அதன் பின்னாலிருந்து ஈர விறகு எரிகிற அடுப்பு மாதிரிக் கறுப்பாகப் புகை வந்தது. என் தாடையைப் பார்த்ததும் டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

நாற்காலியில் சாய்த்து மூக்கில் ரப்பர் மூடியை வைத்தார். சுவரோரம் நின்ற நீல சிலிண்டரிலிருந்து லேசான இனிப்பு வாசனையோடு காற்று வந்தது. ஊரில் அதைச் சிரிப்புக் காற்று என்பார்கள். நான் சிரித்ததாக நினைவில்லை. கண் விழித்தபோது பல் தட்டில் கிடந்தது. டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ன வேலை பாக்கிறே?"

வாய் நிறையப் பஞ்சு. "லாரிங்க," என்றேன்.

"மயக்கத்திலே என் வண்டியைத் திட்டினே. 'பெட்ரோலைக் கொட்டுது, மூச்சு விட முடியலே, ஊசியை மாத்தித் தொலைங்கடா'ன்னு. எனக்கு 'டா' போட்டே."

எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "உக்காரு. நீ சொன்னது சரியான்னு நாளைக்கு வண்டியைத் திறந்து பாத்துச் சொல்லு."

நாளை என்றால் இன்று எங்கே படுப்பது என்று என் முகத்தில் ஓடியிருக்க வேண்டும். கொட்டகையைக் காட்டினார். சாக்கை விரித்துப் படுத்தேன். குளிர் தரையிலிருந்து ஏறி முதுகெலும்பில் உட்கார்ந்துகொண்டது. காலையில் டாக்டரின் மனைவி ஒரு தம்ளர் சுடு கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள். வலது பக்கமாகக் குடிக்கச் சொன்னார்கள். பல் பிடுங்கியது இடது பக்கம்.

இங்கே ஊசி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மலைமேல் காற்று மெல்லிசு. கீழே சரியாக ஓடுகிற இன்ஜின் மேலே வந்தாலும் அதே பெட்ரோலைக் குடிக்கும், ஆனால் அதை எரிக்கப் போதுமான காற்று கிடைக்காது. எரியாத பெட்ரோல் கறுப்புப் புகையாகப் போகும், வண்டி இழுக்காது. அந்த வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு நீள ஊசி. ஊசி தடித்தால் பெட்ரோல் குறையும், மெலிந்தால் கூடும். பஜாரில் பட்டறை வைத்திருந்த ராவுத்தர், சீசனுக்கு வருகிற அந்த மாதிரிக் கார்களுக்குத் தடித்த ஊசியைப் போட்டுவிட்டு, அவர்களுடைய சொந்த ஊசியைத் தீப்பெட்டியில் வைத்து, மேலே வண்டி நம்பரை எழுதி அடுக்கி வைப்பார். ஊர் திரும்புகிறவர்கள் அதைப் பழையபடி மாற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மாற்றாமல் இறங்கினால் கெட்டியான காற்றுக்குப் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் உள்ளே வெந்து போகும். கொடைக்கானலில் கார் வைத்திருந்தவர்களுக்கு இது வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரிப் பழக்கம்.

டாக்டருக்கும் தெரியும். ஆனால் வாரம் ஒருமுறை வத்தலக்குண்டுக்கு இறங்கி அங்கே ஓர் அறையில் பல் பார்ப்பார். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று மாற்ற அவருக்குச் சோம்பல். கீழ் ஊசியே நிரந்தரமாகக் கிடந்தது.

அவர் சொன்னதன் பேரில் ராவுத்தர் என்னைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். படுக்கை கொட்டகையிலேயே. எப்போது கிளம்புகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காத ஊர் எனக்குப் புதிது.

அந்த வண்டியின் மேல் ஒரு கெடு விழுந்திருந்தது. அதை என்னிடம் சொன்னது அம்மாதான். டாக்டரின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் பழனிக்காரர். அடிவாரத்தில் அவர்கள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. வருஷம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போய் வருவார்கள். போன வருஷம் திரும்பி ஏறும்போது, பெருமாள்மலைக்கு மேலே வண்டி இரண்டு பேரை இழுக்காமல் நின்றுவிட்டது. ஒருவர் இறங்க வேண்டும். டாக்டர்தான் ஓட்ட வேண்டும் என்பதால் இறங்கியது இவர்கள்.

"பட்டுச் சேலையும் கையிலே கூடையுமா நான் நடக்கிறேன், இவரு முன்னாலே வண்டியிலே போறாரு. பஸ்ஸிலே போற ஒருத்தன் தலையை நீட்டி, 'அக்கா, கோவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா, அவரு வண்டியோட பின்னாலே வரணும்லா'ங்கிறான். எங்க அண்ணி இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா."

டாக்டர் பக்கத்தில் நின்று பத்திரிகை படிக்கிற மாதிரி இருந்தார்.

"இந்தப் பங்குனிக்கும் மலையிலே நான் வண்டியை விட்டு இறங்கினேன்னு வையி, மதுரைக்காரரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துர வேண்டியதுதான். என்னங்க, பேச்சு பேச்சுதானே?"

"பேச்சு பேச்சுதான்," என்றார் டாக்டர் பத்திரிகைக்குள்ளிருந்து.

வண்டி போனால் கொட்டகையில் விறகு அடுக்குவார்கள். எனக்கு அங்கே சோலி இருக்காது. இது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. இடம் போவது எனக்குப் பழகின விஷயம். ஆனால் இந்த இடம் போகக் கூடாது என்று முதல் தடவையாக மனம் கணக்குப் போட்டது.

தடித்த ஊசியைப் போட்டுப் பார்த்தேன். புகை நின்றது. ஆனால் டாக்டரும் நானும் உட்கார்ந்து ஏற்றத்தில் போனால் வண்டி முக்கியது. காற்றில்லாத இடத்தில் பெட்ரோலையும் குறைத்தால் பலம் எங்கிருந்து வரும்? அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சுவரோரம் இருந்த நீல சிலிண்டரைப் பார்த்தார்.

யுத்த காலத்தில் அவர் ராணுவத்தில் பல் வைத்தியராக ஒரு விமானதளத்தில் இருந்தவர். அங்கே ஒரு ஃபிட்டர், பல் கட்டிக்கொள்ள வந்தவன், சொன்னானாம். உயரத்தில் பறக்கிற விமானத்துக்கு மூச்சு வாங்கும்போது இதே காற்றை இன்ஜினுக்குக் கொடுப்பார்களாம். இன்ஜினுக்குள் போனதும் அது உடைந்து, பெட்ரோல் எரியத் தேவையான பிராணவாயுவைக் கக்குமாம்.

"அப்ப தடிச்ச ஊசியை எடுத்துரு," என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது. "கீழ் ஊசியே இருக்கட்டும். மேலே வந்தா பெட்ரோல் மிச்சம் நிக்குது, புகையாப் போகுது. மிச்சத்துக்குக் காத்தை மட்டும் குடுத்தாப் போதும்."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இப்படிப் பிடிபட்டதில்லை.

நோயாளிகளுக்கு வைத்திருந்த சிலிண்டரை அவர் தொட விடவில்லை. சென்னையிலிருந்து தனியாக ஒன்று வரவழைத்தார். நாங்கள் செய்யப்போவதைக் கேட்டு ராவுத்தர் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"பல்லுப் பிடுங்குற காத்தை வண்டிக்குக் குடுக்கப் போறீங்களா? வண்டி சிரிச்சுக்கிட்டே பள்ளத்துலே விழுந்துச்சுன்னா?"

ராவுத்தர் தாடியைத் தடவினார். "செம்புக் குழாய் எங்கிட்ட கெடக்கு. எடுத்துக்கிடுங்க."

முதலில் வைத்திய அறையின் ரப்பர் குழாயை வைத்துத்தான் முயன்றோம். காற்று வேகமாக வெளியே வரும்போது அப்படிக் குளிர்கிறது, ரப்பர் விறைத்து வெடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ராவுத்தரின் செம்புக் குழாய். அதன் நுனியை நசுக்கி, பொடித் துளை விட்டு, கார்புரேட்டர் காற்றை இழுக்கிற வாயில் பொருத்தினேன். சிலிண்டரை இருக்கைகளுக்குப் பின்னால் படுக்க வைத்து, லாரி டியூபை வார் வாராக அறுத்துக் கட்டினேன். திறக்கிற சின்னச் சக்கரம் இரண்டு இருக்கைக்கும் நடுவே, இடப்பக்கம் உட்காருகிறவர் கைக்கு எட்டும்படி வந்து நின்றது.

வானாராய்ச்சி நிலையத்துக்குப் போகிற ஏற்றத்தில் பரீட்சை. டாக்டர் ஓட்டினார், நான் பக்கத்தில். வண்டி வழக்கம்போலப் புகைந்துகொண்டு நடந்தது. "தொற," என்றார். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பினேன். ஒரு சீறல். இன்ஜின் சத்தம் கனத்து, முதுகில் யாரோ கையை வைத்துத் தள்ளின மாதிரி வண்டி முன்னால் போனது. திரும்பிப் பார்த்தேன், புகை இல்லை. செம்புக் குழாய் மேல் வெள்ளையாக உறைபனி படர்ந்திருந்தது. ஏற்றம் முடிகிற இடத்தில் மூடினேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"நாம மூக்கிலே வாங்கலையே தம்பி," என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பங்குனிக்கு அவர்கள் போகும்போது இரண்டு பேர் வண்டியில் நான் ஏற முடியாது. கொண்டை ஊசி வளைவுகளில் டாக்டருக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வேண்டும். ஆகவே சக்கரத்தைத் திருப்ப வேண்டியது அம்மா. கூப்பிட்டுக் காட்டினேன். வண்டியைப் பிடிக்காதவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"கால் சுத்துதாங்கம்மா. அதுக்கு மேலே வேண்டாம். பெருமாள்மலை தாண்டி, பின்னாலே புகை கறுக்கிறப்பத் தொறக்கணும். அதுக்குக் கீழே தொடவே கூடாதுங்க."

"தொட்டா?"

"கீழே பெட்ரோல் மிச்சம் இருக்காதுங்க. காத்து மட்டும் கூடிப்போனா உள்ளே சூடு தாங்காது. பிஸ்டன் வெந்துரும்."

"சோறு வேகிற மாதிரியா?"

"சோறு அடிப்பிடிக்கிற மாதிரிங்கம்மா."

தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு நான் இல்லாதபோது கொட்டகைக்கு வந்து சிலிண்டர் வாயை அடைக்கிற பெரிய சாவி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சின்னச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பழகியதை ராவுத்தரின் பையன் சொல்லித்தான் அறிந்தேன்.

பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் வண்டியில் இறங்கினார்கள். நான் பஸ்ஸில் போய் அவர்கள் அப்பா கடையின் பின்கட்டில் வெல்ல மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். திரும்புகிற நாள் காலையில் வெள்ளனே எழுந்து எண்ணெய், தண்ணீர், குழாய் எல்லாம் பார்த்தேன். அம்மாவின் அண்ணியும் குழந்தைகளோடு சீசனுக்குக் கொடைக்கானல் வருவதாக இருந்தது. அவர்களுக்கும் எனக்கும் பஸ். வத்தலக்குண்டில் மாறி ஏறினோம். டாக்டரின் வண்டியும் அங்கே வந்து நின்றது; பஸ் ஏறுவதற்கு முன் அண்ணி அதனருகே போய் நின்றார்.

"நாத்தனாரே, பஸ்ஸிலே வந்துருங்களேன். காலு நோகாது."

அம்மா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மலையடிவாரத்திலிருந்து வண்டியும் பஸ்ஸும் முன்னும் பின்னுமாகவே ஏறின. சின்ன வண்டி வளைவுகளில் துள்ளிப் போகும், நேர் ஏற்றத்தில் திணறும். பஸ் வளைவில் ஊரும், ஏற்றத்தில் பின்னாலேயே போய் ஹாரன் அடிக்கும். ஓர் இடத்தில் டாக்டர் ஒதுங்கி வழி விட்டார். பஸ் தாண்டும்போது கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கேட்டார்: "டாக்டரையா, கயிறு போட்டு இழுக்கட்டுங்களா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. வில்பட்டிக்குக் கேரட் விதை வாங்கிப் போகிற ஒருவர், "அது வண்டி இல்லப்பா, பொம்மை. சாவி குடுக்க மறந்துட்டாரு," என்றார். அண்ணி ஜன்னலில் குனிந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்ததால் அம்மா முகத்தைப் பார்த்தேன். அது இறுகியிருந்தது.

டம்டம் பாறையில் பஸ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றது. வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. பஸ் கிளம்பி, இரண்டு திருப்பத்துக்குள் மறுபடி அதன் முதுகில் போய் நின்று ஹாரனை அழுத்தியது. நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டியின் பின்புறம் தாழ்ந்தது. மூக்கு நிமிர்ந்தது. சவுக்கால் அடித்த மாதிரி அந்த ஏற்றத்தில் பாய்ந்து, அடுத்த வளைவில் மறைந்தே போய்விட்டது.

"ஏய், என்னய்யா அது!" என்றார் டிரைவர், ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு. கண்டக்டர் படிக்கட்டிலிருந்து உள்ளே ஏறிவிட்டார். பெருமாள்மலை இன்னும் எத்தனையோ வளைவுக்கு மேலே கிடக்கிறது. சக்கரத்தை யார் திருப்பியிருக்க முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. கால் சுற்று அல்ல, முழுச் சுற்று என்பதும் அந்தப் பாய்ச்சலில் தெரிந்தது.

மேலே எங்கிருந்தோ டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

சில வளைவுகள் தாண்டி வண்டி ஓரமாக நின்றிருந்தது. நீலப் புகை. பஸ் நின்று, எல்லோரும் இறங்கினார்கள். நான் ஓடிப்போய் மூடியைத் தூக்கினேன். எண்ணெய் ஊற்றுகிற வாயிலிருந்து பக் பக்கென்று புகை தள்ளிக்கொண்டிருந்தது. பிஸ்டனில் ஓட்டை. பார்க்காமலே தெரிந்தது.

"பிஸ்டன் போச்சுங்க," என்றேன்.

டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். எப்படி என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. வளைவைப் பார்த்து ஓட்டியவர் சீறலை பஸ் பிரேக் சத்தம் என்று நினைத்திருக்கிறார். கண்டக்டருக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"யாரு மெக்கானிக்கு? இவனா? லாரி கழுவுற பயகிட்ட சீமை வண்டியைக் குடுத்தா இப்படித்தான். குழாயெல்லாம் வச்சுப் பூட்டியிருக்கான் பாருங்க. நல்லவேளை, குண்டு மாதிரி வெடிக்கலே."

"அதானே, நல்லா ஓடுன வண்டி," என்றார் விதைக்காரர், அதைப் பொம்மை என்றவர்.

யார் திருப்பினார்கள் என்று சொல்லலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? பங்குனி உத்திரத்துக்குப் போய்விட்டு வருகிற டாக்டர் வீட்டு அம்மாவா, நானா என்றால் முடிவு தெரிந்ததுதான். என் பை பஸ்ஸில் இருந்தது. கீழே இறங்குகிற லாரி எப்போது வரும் என்று ரோட்டைப் பார்த்தேன். அதைப் பார்த்தது என் கண் அல்ல, பழக்கம்.

"அவனைச் சொல்லாதீங்க." அம்மாவின் குரல் சத்தமாக வந்தது. "நாந்தான் தொறந்தேன். முழுசாத் தொறந்தேன்."

டாக்டர் திரும்பினார். "ஏம்மா, பெருமாள்மலைக்கு மேலேதான்னு..."

"சொன்னீங்க. தம்பியும் சொல்லிச்சு. கீழே தொறந்தா அடிப்பிடிக்கும்னு விவரமாச் சொல்லிச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் தொறந்தேன். எங்க அண்ணி அந்த ஜன்னல்லே உக்காந்து பல்லைக் காட்டுறப்ப, பெருமாள்மலை வரட்டும்னு நான் பொறுத்துக்கிட்டு இருக்கணுமா?"

கண்டக்டர் தன் பணப்பையை நேராக்கினார். அண்ணிதான் முதலில் அசைந்தார். அவருக்கும் சங்கடமாகப் போயிருக்க வேண்டும். குரல் மென்மையாக இருந்தது.

"சரி விடுங்க, வாங்க. பஸ்ஸிலே எடம் இருக்கு. இறங்குங்க."

"நான் இறங்க மாட்டேன்."

"வண்டிதான் போச்சே!"

"மலையிலே நான் இறங்கினாத்தான் விக்கிறதுன்னு பேச்சு. என்னங்க, அப்படித்தானே?"

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "அப்படித்தான்," என்றார்.

"நான் இறங்கலே." சேலையை இழுத்து முழங்காலில் செருகிக்கொண்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அது ஓர் ஊரையே எதிர்த்து உட்காருகிற உட்காரலாக இருந்தது. அந்தக் கெடுவைப் போட்டதும் அவர்கள்தான், அதைக் காத்ததும் அவர்கள்தான்.

பஸ் போய்விட்டது. நான் பையை இறக்கிக்கொண்டேன். வெகு நேரம் கழித்து, காய்கறி ஏற்ற மேலே போகிற காலி லாரி ஒன்று வந்தது. டிரைவர் இறங்கி இன்ஜினைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், அசையாமல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். "அம்மா முன்னாலே வந்து உக்காரலாமே," என்று ஆரம்பித்தவர், முகத்தைக் கண்டதும் கயிற்றை எடுக்கப் போய்விட்டார்.

நான் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து, கயிறு தளர்ந்தால் டிரைவருக்குத் தட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். ஊத்து என்கிற ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. துணிக் கூரை ஒழுகியது. அம்மா குடையை விரித்து டாக்டர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்கள். பெருமாள்மலை டீக்கடையில் லாரி நின்றபோது டாக்டர் இறங்கி டீ குடித்தார், நான் குடித்தேன், லாரிக்காரர் குடித்தார். அம்மாவுக்கு வண்டிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் தரும்போது சொன்னார்கள்:

"தம்பி, அது எப்படிப் போச்சு பாத்தியா?"

"பாத்தேங்கம்மா."

"நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டேன்." முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் களை இருந்தது. நான் அந்த நிமிஷம்தான் வண்டி பிழைத்தது என்று முழுதாக நம்பினேன்.

வீட்டு வாசலில் லாரி நின்றதும், நனைந்த சேலையோடு, கூடையை எனக்குக் கொடுத்துவிட்டு, நிதானமாக இறங்கினார்கள். அண்ணி வாசலில் நின்றிருந்தார். வெந்நீர் போட்டு வைத்திருந்தார்.

மதுரைக்காரர் சீசனில் வந்தார். இன்ஜின் கொட்டகைத் தரையில் பிரிந்து கிடந்தது. ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தார். விலையைக் குறைத்துப் பேச வாய் திறந்தபோது அம்மா உள்ளேயிருந்தே, "விக்கிறதுக்கில்லேன்னு சொல்லுங்க," என்றார்கள். டாக்டர் சொன்னார்.

புது பிஸ்டன் சென்னையிலிருந்து வர மழைக்காலமே ஆகிவிட்டது. அந்த வருஷம் மழை முழுவதும் நான் ஓர் இடத்தில் இருந்தேன், அதற்கு முன் அப்படி இருந்ததில்லை. ராவுத்தர் பட்டறையில் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போக ஆரம்பித்தார். பிறகு ஊரில் வேறு யாருடைய இன்ஜின் போனாலும், என் கைதான் காரணமா என்று என் முகத்தைப் பார்க்காமல், என்ன ஆயிற்று என்று என்னையே கேட்டார்கள். இதெல்லாம் அந்த வளைவில் அம்மா சொன்ன இரண்டு வார்த்தையில் தொடங்கியது. அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊர் போனேன், எத்தனையோ முதலாளிகளிடம் இருந்தேன். கூட்டத்துக்கு நடுவே, கேட்காமலே, தன் கையைத் தூக்கிக் காட்டியவர்களை எண்ணினால் எனக்கு முதலில் அவர்கள் முகம்தான் வருகிறது. நான் அவர்களுக்கு நன்றி என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லை எங்கள் பக்கம் நேரில் சொல்லிப் பழக்கமில்லை. குழாயை நன்றாகத் துடைத்து வைத்தேன்.

வண்டியைப் பூட்டி முடித்த அன்று அம்மா கொட்டகைக்கு வந்தார்கள்.

"ஏம்ப்பா, கீழேயும் தொறக்கிற மாதிரிச் செய்ய முடியுமா?"

முடியும் என்று எனக்குத் தெரியும். காற்றோடு கூடவே இன்னொரு குழாயில் பெட்ரோலும் விட்டால் போதும். டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"முடியாதுங்கம்மா," என்றேன்.

அம்மா என்னையும் பார்த்தார்கள், அவரையும் பார்த்தார்கள். "ரெண்டு பேரும் சேந்துட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த பங்குனிக்கு நான் மறுபடியும் பஸ்ஸில் அண்ணிக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து மலை ஏறினேன். சின்ன வண்டி பெருமாள்மலை வரை முன்னும் பின்னுமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை. செண்பகனூர் தாண்டியும் தெரியவில்லை. அண்ணி வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏம்ப்பா, ஓரமா எங்கேயும் நிக்கலையே?"

"இல்லீங்க," என்றேன். "அவங்க வீட்டுக்குப் போய் அடுப்புப் பத்த வச்சிருப்பாங்க."